பிரேக்கில் புகுந்த காற்று

பழைய காலிபரைக் கழற்றிப் புதியதை மாட்டி, போல்ட்டையும் முறுக்கியாயிற்று. வேலை முடிந்துவிட்டதா? இல்லை. பிரேக்கை மிதித்துப் பாருங்கள், பெடல் பிடிப்பே இல்லாமல் கீழே போகும். ஹோஸைக் கழற்றிய நேரத்தில் உள்ளே காற்று புகுந்துவிட்டது. அதை வெளியேற்றுவதைத்தான் ஒர்க்‌ஷாப்பில் 'ஏர் எடுப்பது' என்கிறார்கள்.

பள்ளியில் படித்த பாஸ்கல் விதி நினைவிருக்கிறதா? மூடிய திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் போய்ச் சேரும். 1921-ல் நான்கு சக்கரத்துக்கும் ஹைட்ராலிக் பிரேக்கோடு வந்த டூசன்பர்க் காரிலும் சரி, இன்று தெருவில் ஓடும் காரிலும் சரி, அடிப்படை இதுதான். ஆனால் திரவம் அவ்வளவாகச் சுருங்காது, காற்று சுருங்கும். நடுவில் குமிழி இருந்தால் மிதிக்கிற மிதி அதைச் சுருக்குவதிலேயே வீணாகிவிடும்.

ஏர் எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை நாலைந்து முறை மிதித்து, அப்படியே அழுத்திப் பிடிக்க வேண்டும். சக்கரத்துப் பக்கம் இருப்பவர் காலிபரின் நிப்பிளில் டியூபைச் செருகி, மறுமுனையைக் கொஞ்சம் பிரேக் ஆயில் ஊற்றிய பாட்டிலில் முக்கி வைத்து, நிப்பிளைக் கால் சுற்று திறப்பார். குமிழி குமிழியாக ஆயில் வரும், பெடல் இறங்கும். நிப்பிளை மூடிய பிறகுதான் உள்ளே இருப்பவர் காலை எடுக்க வேண்டும். முந்திக்கொண்டால் வெளியே போன காற்று திரும்ப உள்ளே வரும். அதனால் 'பிடி', 'விடு' என்று சத்தமாகச் சொல்லிக்கொள்வார்கள். மேலே டப்பாவில் ஆயில் தீர்ந்தாலும் காற்று இழுக்கும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

எவ்வளவு எடுத்தாலும் குமிழி தீரவில்லையா? நிப்பிள் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். காற்று மேலேதான் தங்கும், நிப்பிளும் மேலேதான் இருக்க வேண்டும். இடது காலிபரை வலதிலும் வலதை இடதிலும் மாட்டியிருந்தால் நிப்பிள் கீழே போய்விடும். நாள் முழுக்க மிதித்தாலும் மேலே இருக்கும் காற்று வராது.

வெளியே வந்த ஆயிலைத் திரும்ப ஊற்றிச் சிக்கனம் பார்க்க வேண்டாம். சாதாரண பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. ஈரம் சேர்ந்தால் அந்த வரம்பு 155 டிகிரிதான். மலைப்பாதை இறக்கத்தில் ஆயில் கொதித்தால் ஆவிக் குமிழியும் காற்று செய்யும் வேலையையே செய்யும்.

கடைசியில் ஒரு விஷயம். "பெடல் கொஞ்சம் பஞ்சு மாதிரிதான் இருக்கு, ஓட ஓடச் சரியாயிடும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கணக்கில் பத்து ரூபாய் இடித்தால், பத்து ரூபாய்தானே என்று விடுவதில்லை. அதன் பின்னால் பெரிய தப்பு ஒளிந்திருக்கலாம். இதுவும் அப்படித்தான். எஞ்சினை ஓடவிட்டு மிதித்துப் பார்த்து, பெடல் மேலேயே கெட்டியாக நிற்கும்வரை வண்டி தெருவுக்கு இறங்கக் கூடாது. ஏ.பி.எஸ். உள்ள காரில் காற்று அந்த யூனிட்டுக்குள் போயிருந்தால் ஸ்கேனர் வைத்திருக்கும் இடத்துக்குத்தான் போக வேண்டும். அதுவும் ஓட்டிக்கொண்டு இல்லை, கட்டி இழுத்துக்கொண்டும் இல்லை, இன்னொரு வண்டியில் ஏற்றிக்கொண்டு.