சேதுக்கரை நீராடல்

பன்னிரு ஜோதிர்லிங்கத் தலங்களுள் தமிழகத்தில் அமைந்தது இராமேஸ்வரம் ஒன்றே. இங்கு வழிபாடு கடலில் தொடங்குகிறது. முதலில் அக்னி தீர்த்தம். அடுத்து ஆலயத்தினுள் 22 தீர்த்தங்கள். பின்னர் ஈர ஆடையை மாற்றிக்கொண்டு இராமநாத சுவாமி தரிசனம் என்பது மரபு. ஆகவே, குழந்தைகளோடும் முதியோரோடும் வருவோர், எந்தக் கரையில் இறங்கலாம், எங்கே கரையில் நின்றே வணங்கலாம் என்பதை அறிந்திருத்தல் நலம்.

இத்தீவின் வடபுறம் பாக் நீரிணை. தென்புறம் மன்னார் வளைகுடா. அலை அடங்கிய வடகடலைப் பெண் கடல் என்றும், அலை மிகுந்த தென்கடலை ஆண் கடல் என்றும் இப்பகுதி மக்கள் வழங்குவர். எனினும், ஐப்பசி முதல் மார்கழி வரை வாடைக்காற்று வீசும் நாள்களில் பெண் கடலும் கொந்தளிக்கும். அந்நாள்களில் உள்ளூர் மீனவர் சொல்லைக் கேட்டு நடப்பதே அறிவுடைமை.

ஆலயத்தின் கீழைக் கோபுரத்திற்கு எதிரே உள்ள அக்னி தீர்த்தம் பெரும்பாலும் குளம்போல் அமைதியாகக் காட்சி தரும். குடும்பத்தோடு நீராட ஏற்ற இடம் இதுவே. பிள்ளைகள் அலையில் விளையாட விரும்பினால், பாம்பன் பாலம் கடந்து ஊர் திரும்பும் வழியில், உச்சிப்புளிக்கு அருகே அரியமான் கடற்கரை உண்டு. பெண் கடலின் கரையான அங்கு சவுக்கு மர நிழலில் முதியோர் இளைப்பாறலாம்.

தனுஷ்கோடியைக் கடந்து அமைந்த அரிச்சல்முனையோ இரு கடல்களும் கூடுமிடம். நீரோட்டம் வலிது, காலடி மணலும் நிலையற்றது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி ஊரே அழிந்ததை அங்குள்ள இடிபாடுகள் இன்றும் உணர்த்துகின்றன. அங்கே கடலில் இறங்காமல், நீரைத் தலையில் தெளித்துக்கொண்டு சேதுவை வணங்கித் திரும்புவதே தக்கது. திரும்பும் வழியில், விபீஷணருக்குப் பட்டாபிஷேகம் நிகழ்ந்த தலமாகப் போற்றப்படும் கோதண்டராமர் கோயிலைத் தரிசிக்கலாம்.

சீதாபிராட்டியைத் தீண்டிய தோஷம் நீங்க அக்கினி பகவான் நீராடிய இடமாதலின் அக்னி தீர்த்தம் எனப் பெயர் பெற்றது என்பது தல வரலாறு. அனைத்தையும் தூய்மையாக்கும் அக்கினியே தூய்மை நாடி வந்த நீரில், பழைய ஆடைகளை விட்டுச் செல்வோர் இன்றும் உளர். அத்துணிகள் அடுத்து நீராட வருவோரின் காலைச் சுற்றுகின்றன. கடலில் விட வேண்டியவை பாவங்களே; ஆடைகள் அல்ல. வந்தபோது இருந்ததைவிடத் தூய்மையாகக் கரையை விட்டுச் செல்வதும் இராமநாதருக்கு உகந்த வழிபாடே ஆகும்.