தந்தையாரின் மெட்டு

தமிழாசிரியன் ஒருவனுக்குத் தன் மாணவர்களின் நாவைக் காவல் செய்வதும் ஒரு கடமை என்று நெடுங்காலம் எண்ணியிருந்தேன். சென்ற ஆண்டு எங்கள் கல்லூரிக் கலைவிழாவுக்கு நிகழ்ச்சிகள் தெரிவு செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, அந்தக் காவலைச் சற்றுக் கடுமையாகவே நடத்தினேன். பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் கையில் கிற்றாருடன் வந்து நின்றான்.

"சேர், 'சின்ன மாமியே' பாடட்டே?"

"இது கலைவிழா, தம்பி, கலியாண வீடு அல்ல" என்றேன். அவன் மறுபேச்சின்றிப் போய்விட்டான். என் விடை எனக்கு மிகச் சாதுரியமானதாகப் பட்டது. அன்றிரவு கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டில், சாப்பாட்டு வேளையில் அதனைத் தந்தையாரிடம் பெருமையோடு கூறினேன். எழுபத்தைந்து வயதை நெருங்கும் அவர், பிட்டுக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த கையை நிறுத்தினார்.

"அந்தப் பாட்டிலை என்ன பிழை?" என்று கேட்டார்.

நான் மொழிநடை பற்றிச் சில சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை. இடது கை விரல்களால் மேசையில் மெதுவாகத் தட்டத் தொடங்கினார். தகிட தகிட, தகிட தகிட. பின்னர் அந்தப் பாட்டை முதலிலிருந்து கடைசிவரை பாடினார். என் தந்தையார் பாடி நான் கேட்டது அதுவே முதல் தடவை.

அவர் எழுபதுகளில் கொழும்பில் லிகிதராக இருந்தவர். அலுவலக நண்பர் நால்வர் சேர்ந்து ஒரு சிறு வாத்தியக் குழு வைத்திருந்தனர் என்பதும், வெள்ளவத்தையில் நாங்கள் குடியிருந்த வீட்டில் ஒரு கிற்றார் இருந்தது என்பதும் அம்மா சொல்லி நான் அறிந்தவை. 1983 ஆடி மாதத்தில் அந்த வீடு எரிந்தது. அப்பொழுது எனக்கு மூன்று வயது. அகதிகளை ஏற்றிச் சென்ற கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனோம். பல ஆண்டுகளின் பின் கொழும்புக்குத் திரும்பியபோது கொட்டாஞ்சேனைக்கு வந்தோம். வீட்டுக்கு வேண்டிய சாமான்கள் ஒவ்வொன்றாக மீண்டும் வந்து சேர்ந்தன. கிற்றார் மட்டும் வரவில்லை.

மறுநாள் அந்த மாணவனை அழைத்து, பாடலாம் என்றேன். ஆனால் என் தந்தையாரிடம் வந்து பயிற்சி பெற வேண்டும் என்று ஒரு நிபந்தனையும் விதித்தேன்.

இங்கே இப்பாடல்களைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். உலகெங்கும் இளைஞர்கள் பீற்றில்ஸ் குழுவைக் கேட்டுக் கிற்றார் தூக்கிய அறுபதுகளில், நம் நாட்டில் அந்த வாத்தியத்தோடு பைலாவும் காத்திருந்தது. போர்த்துக்கீசரும் அவர்களோடு வந்த ஆபிரிக்கரும் விட்டுச் சென்ற ஆட்டப் பாட்டை, வோலி பஸ்தியான்ஸ் என்ற பொலிஸ் உத்தியோகத்தர் சிங்கள மக்களின் பொதுச் சொத்தாக ஆக்கினார். தமிழில் பொப்பிசைக்கு வழி திறந்தவர் என்று நித்தி கனகரத்தினத்தைச் சொல்வர். அவர் விவசாயம் கற்பித்த ஆசிரியர். பின்னர் ஆஸ்திரேலியாவில் குடியேறினார். 'சின்ன மாமியே', 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே' ஆகியன அவருடையவை. 'சுராங்கனி'யைச் சிங்களமும் தமிழும் கலந்து பாடி, கடல் கடந்து தமிழ்நாடுவரை கொண்டுசென்றவர் ஏ. ஈ. மனோகரன். அவர் 2018 ஜனவரியில் சென்னையில் காலமானபோது தந்தையார் அன்று முழுவதும் வானொலியை அணைக்கவில்லை. அதன் காரணத்தை நான் அப்போது கேட்கவும் இல்லை.

சனிக்கிழமைதோறும் மாணவன் வீட்டுக்கு வரலானான். நான் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு அவர்களைக் கவனித்தேன்.

"நீர் விரைவாய்ப் பாடுறீர், தம்பி. பைலா ஓடுகிற பாட்டில்லை, ஆடுகிற பாட்டு. கேட்கிறவன் கால் எடுத்து வைக்க நேரம் குடும்."

"சரி, ஐயா."

"பகிடிப் பாட்டுத்தான். ஆனால் நீர் சிரிக்கக் கூடாது. மாமியிட்டை மகளைப் பற்றிக் கேட்கிறவன் உண்மையாய்த்தான் கேட்கிறான்."

மற்றொரு நாள், கூட்டத்தினர் கைதட்டும்போது தாளம் பிசகினால் என்ன செய்வது என்று பையன் கேட்டான். சபையோரைத் திருத்த முயல வேண்டாம். அவர்களுடைய தட்டலுக்குப் பாட்டைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும் என்றார் தந்தையார். இருபது வருடமாக வகுப்பில் நின்று கற்பிக்கும் எனக்கு இதனை எவரும் சொல்லித் தந்ததில்லை.

தகிட தகிட என்ற அந்த நடை எனக்கும் புதிதன்று. நம் கும்மியும் அந்த மூன்றெழுத்து நடையில்தான் செல்கிறது. கும்மியை இலக்கியம் என்று வகுப்பில் நடத்திவிட்டு, அதே நடையைக் கிற்றாரில் கேட்டதும் கதவைச் சாத்தினேன்.

ஒரு சனிக்கிழமை, பயிற்சி முடிந்தபின் தந்தையார் தம்மையறியாது வேறொரு மெட்டை முணுமுணுத்தார். என்ன பாட்டு என்று பையன் கேட்டான். தாமே கட்டிய பாட்டு என்றும், கோட்டையில் மாலை ரயிலைத் தவறவிட்டு, வெள்ளவத்தைக்குக் கடலோரமாக நடக்கும் ஒரு லிகிதரின் கதை என்றும் சொன்னார். அத்தகைய பாட்டுகள் ஆறு, ஓர் அப்பியாசக் கொப்பியில் இருந்தனவாம். கொப்பி வீட்டோடு போயிற்று. இதற்கு மெட்டு மட்டும் மிஞ்சியது. ஒரு சொல்லும் நினைவில் இல்லை.

அந்த மெட்டுக்குச் சொல் எழுத நானே முன்வந்தேன். இரண்டு இரவுகள் செலவழித்தேன். எதுகையும் மோனையும் குறைவின்றி அமைந்தன. அடிகள் 'நெருக்கத்தில்', 'உருக்கத்தில்', 'வருத்தத்தில்' என்று அழகாக முடிந்தன. தந்தையார் கண்ணாடி அணிந்து இருமுறை வாசித்தார்.

"வாசிக்க வடிவாய் இருக்கு. பாட ஏலாது."

காரணம் கேட்டேன். அடியின் கடைசியில் மெட்டு நீண்டு நிற்கிறது. அங்கே வாய் திறந்திருக்க வேண்டும். நீயோ ஒவ்வோர் அடியையும் ஒற்றெழுத்தால் அடைத்து வைத்திருக்கிறாய் என்றார். பாடிப் பார்த்தேன். அந்த 'ல்' என் நாவை மேலண்ணத்தில் ஒட்டிவிட்டது. யாப்பிலக்கணத்தைப் பல ஆண்டு கற்பித்தவன் அன்று என் வீட்டுச் சாய்மனைக் கதிரையின் முன் நின்று வெட்கினேன்.

பையன் தயங்கித் தயங்கித் தன் கைத்தொலைபேசியில் எழுதி வைத்திருந்ததைக் காட்டினான். 'கோச்சி போச்சே' என்று தொடங்கியிருந்தது. புகையிரதத்தைக் கோச்சி என்று வீட்டில் எல்லாரும் சொல்கிறோம். கட்டுரையில் எழுதினால் நான் சிவப்பு மையால் அடிப்பேன். என் கை பேனாவைத் தேடியதும் உண்மை. தந்தையார் அதற்குள் பாடத் தொடங்கிவிட்டார். 'போச்சே' என்ற இடத்தில் அவர் குரல் நீண்டு நின்றது, முதுமையில் சற்று நடுங்கியது, ஆனால் அறுபடவில்லை.

அன்று மாணவன் போன பிறகு, பல நாளாக மனதில் இருந்த ஒன்றைக் கேட்டேன். "அந்த நாளிலை சிங்களவரும் தமிழரும் சேர்ந்துதானே சுராங்கனி பாடினவை, அப்பா. பிறகு இப்படி நடந்ததே?"

"எங்கடை குழுவிலை றம் அடிச்சவன் சிங்களவன். என்னை விட நல்லாய்ச் சின்ன மாமியே பாடுவான்" என்றார். அவ்வளவுதான். என் கேள்விக்கு அது விடையாகுமா என்று எனக்குத் தெரியவில்லை. கூடிப் பாடியவர்களுள் எவரேனும் அந்த ஆடி மாதத்தில் வீதியில் நின்றிருப்பரோ என்ற எண்ணம் எனக்கு வருவதுண்டு. அதற்காகப் பாட்டைக் குறை சொல்ல மனம் வருவதில்லை.

விழா நாளில் தந்தையாரை முன் வரிசையில் அமர்த்த முயன்றேன். சத்தம் எப்படி வருகிறது என்று பின்னாலிருந்துதான் தெரியும் என்று கடைசி வரிசைக்குப் போய்விட்டார். நானும் அருகே அமர்ந்தேன். 'சின்ன மாமியே'க்குப் பெற்றோர்கள், ஏன், எங்கள் சங்கீத ஆசிரியைகூடக் கைதட்டினார்கள். அடுத்து 'கோச்சி போச்சே' வந்தது. புதிய பாட்டாகையால் தட்டல் பிசகியது. பையன் ஒரு கணம் நிதானித்து, நடையைத் தளர்த்திச் சபையோரின் கைகளோடு சேர்ந்துகொண்டான். தந்தையாரின் விரல் கதிரையின் கைப்பிடியில் தட்டிற்று.

அவருடைய உதடுகளும் அசைந்தன. பையனோடு சேர்ந்து பாடுகிறார் என்று முதலில் எண்ணினேன். உற்றுக் கவனித்தபோது, மேடையில் ஒலித்த சொற்களுக்கும் அவர் உதடுகளுக்கும் பொருத்தம் இல்லை.

திரும்பி வரும் வழியில், காலி வீதியில் பஸ்ஸுக்கு நின்றபோது, "பழைய சொல் ஞாபகம் வந்ததா, அப்பா?" என்று கேட்டேன்.

"அரைவாசி" என்றார்.