அத்திவாரத்தில் ஒரு வட்டம்

மட்டக்களப்புப் புளியந்தீவின் பழைய வீடுகளைக் கட்டியபோது கிணற்றடியும் மலசலகூடமும் வளவின் பின்கோடியில் இருந்தன. இன்று அந்த வீடுகளில் இருக்கும் முதியவர்களால் இரவில் அவ்வளவு தூரம் நடக்க ஏலாது. படுக்கையறையை ஒட்டியே குளியலறை வேண்டியிருக்கிறது. அதற்கு 110 மில்லிமீற்றர் பிவிசிக் குழாய் அத்திவாரத்தைக் கடந்து வெளியே போக வேண்டும். அப்படியொரு வேலையைப் பார்க்கத்தான் போயிருந்தேன்.

வந்தவர்கள் இருவர்: கல்லடியைச் சேர்ந்த மூத்த மேசன், அவருடைய மருமகன். ஆடி மாதம், வாவி தாழ்ந்து கிடந்தது. முகத்துவாரத்தில் மணல்திட்டை வெட்டி வெள்ளத்தைக் கடலுக்கு விடும் மாரி நாட்களில் இந்த வேலைக்கு யாரும் கைவைப்பதில்லை. அத்திவாரக் குழியில் தண்ணீர் நின்றுவிடும்.

முன்பெல்லாம் உளியும் சுத்தியலும்தான். பிறகு பிரேக்கர் வந்தது. இரண்டுமே சுவரை அதிர வைக்கும். பழைய சுண்ணாம்புச் சாந்து அதிர்வில் உதிர்ந்து, குழாயளவு துளைக்காகத் தொடங்கியது ஆள் நுழையும் பொந்தாக முடிந்த வீடுகளை இந்த ஊரில் பார்த்திருக்கிறேன். வட்டத் துளை அப்படியல்ல. மேலிருக்கும் கற்களின் பாரம் வளைவைச் சுற்றி இரு பக்கமும் இறங்கிவிடும்.

மேசன் கொண்டுவந்தது கோர் மெசின். அதன் முனை ஓர் இரும்புக் குழாய். வாய் விளிம்பில் வைரத்துகள் கலந்த உலோகப் பற்கள். அது கல்லை உடைப்பதில்லை, வட்டமாக அரைத்துக்கொண்டு போகிறது. பண்டைய எகிப்தியர்கள் செப்புக் குழாயும் மணலும் கொண்டு இதே முறையில் கருங்கல்லைத் துளைத்தார்கள். அந்தத் துளைகளிலிருந்து வந்த கல்லுருளைகளை ஆராய்ந்து தொல்லியலாளர் பிளிண்டர்ஸ் பெட்ரி 1883இல் எழுதியிருக்கிறார்.

மெசினின் தாங்கியைப் பூட்டவே வெகுநேரம் பிடித்தது. கொங்கிறீற்றில் என்றால் ஆணி இறக்கி முறுக்கினால் போதும். பழைய செங்கல்லில் ஆணி நிற்காது. ஆகவே சுவரை ஊடறுத்து ஒரு மரைக்கம்பியைச் செலுத்தி, மறுபக்கம் தகடு வைத்து இறுக்கினார்கள். இரண்டடிக் கனத்தில் துளையின் வெளிப்பக்கம் 15 மில்லிமீற்றர் தாழ்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கழிவு தேங்கும். மட்டப்பலகையை மூன்று இடத்தில் வைத்துப் பார்த்த பிறகே மேசன் ட்ரிப் சுவிட்ச்சின் பொத்தானை அமத்திச் சோதித்தார். தூசியை அடக்க விடும் தண்ணீரும் மின்சாரமும் ஒன்றாக ஓடும் வேலை இது.

"தள்ளாத மகன். அது தின்னுற அளவுக்கு விடு," என்றார் மருமகனிடம்.

செங்கல்லில் முனை இலகுவாக இறங்கியது. கருங்கல்லைத் தொட்டதும் சத்தம் மாறி, முன்னேற்றம் நின்றது. மேசன் முனையை வெளியே எடுத்துப் பற்களைத் தடவினார், கண்ணாடிபோல வழுவழுப்பு. பற்களின் உலோகம் தேய்ந்தால்தான் உள்ளிருக்கும் புது வைரம் வெளியே வரும். கருங்கல் அந்த உலோகத்தைப் போதியளவு தேய்ப்பதில்லை, சொரசொரப்பான செங்கல் தேய்த்துவிடும். அதனால் நிலத்தில் கிடந்த ஒரு செங்கல்லில் சற்றுநேரம் முனையை ஓட்டினார். கல்லால் மழுங்கியதை அதைவிட மென்மையான கல்லால் கூராக்கும் இந்த அறிவை நான் வியந்து பார்த்தேன்.

முனையின் நீளம் முடிந்த இடத்தில் உளியை விளிம்பில் செருகி ஒரு தட்டு. உருளை முறிந்து கைக்கு வந்தது. சீமெந்துப் பூச்சு, செங்கல், வெள்ளைத் துணுக்குகள் தெரியும் சுண்ணாம்புச் சாந்து, பிறகு கருங்கல். கல்குடா, பாசிக்குடாப் பக்கம் முருகைக்கல் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்த கரை இது. வீட்டு அம்மா உருளையை வாங்கிப் பார்த்தார். 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியில் கூரை முழுக்கப் போயும் சுவர் நின்றதாம். அந்தச் சுவரை அதிராமல் துளைப்பவர்களுக்குக் கொடுக்கும் கூலியில் பேரம் பேசுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

நீட்டுக்கம்பி பூட்டி மறுபாதியையும் முடித்தார்கள். கடைசி அங்குலங்களை வெளிப்பக்கமிருந்து துளைத்தார்கள். உள்ளிருந்தே தள்ளினால் வெளிமுகம் பிளந்துவிடும்.

அடுத்தது காற்றோட்ட விசிறிக்கான துளை, மேற்சுவரில். சுவர் நனைந்து பெயின்ற் கெடுமென்று மருமகன் தண்ணீர் இல்லாமலே தொடங்கினார். அறை செந்தூசியால் நிறைந்தது. முகத்தில் கட்டியிருந்தது கைக்குட்டை மட்டும். செங்கல் தூசியில் சிலிக்கா இருக்கிறது. நுரையீரலில் படிந்து தழும்பாக்கும். சிலிக்கோசிஸ் வந்தால் மாற்ற மருந்தில்லை. துணி அந்த நுண்தூசியை மறிக்காது. இதை நான் சொன்னபோது இளைஞர் சிரித்தார், மாமனார் சிரிக்கவில்லை.

"அம்மா, கொஞ்சம் தண்ணி விட்டு அடிக்கலாமா? சுவர் நனையும்," என்று கேட்டார்.

"நனையட்டும். மறுகா பெயின்ற் அடிப்பம்," என்று சொல்லி, அவர் பழைய சாக்குகளை எடுத்துவந்து சுவரடியில் விரித்தார். மருமகன் தண்ணீர்க் குழாயைப் பூட்டினார்.