ஆயில் காசும் அப்பாவின் சேத்தக்கும்

எங்க டீமில் ஜெர்மனியில் ஒருத்தர் இருக்கார். திங்கட்கிழமை கால் வந்தாலே முதல் பத்து நிமிஷம் அவரோட வேன் புராணம்தான். பழைய வோக்ஸ்வேகன் கேம்பர் வேன்; உள்ளேயே படுக்கை, அடுப்பு எல்லாம் வச்சது. அதோட இன்ஜினை வீட்டு கராஜிலேயே பிரிச்சுப் போட்டு உட்கார்ந்திருக்கார். "ரேடியேட்டர் கிடையாது, தண்ணி கிடையாது, ஒரு ஃபேன் காத்தடிச்சே நாலு சிலிண்டரையும் ஆத்திடும்"னு அவர் பெருமையடிச்சப்போ, அட, இது நம்ம வீட்டு ஸ்கூட்டர் சமாச்சாரமாச்சேன்னு தோணுச்சு.

அந்த ஸ்கூட்டர் எங்க சொசைட்டி பார்க்கிங்கில் தூசி தின்னுக்கிட்டு நின்னுது. பஜாஜ் சேத்தக். அப்பா 1982-ல் புக் பண்ணி, ஆறு வருஷம் காத்திருந்து 1988-ல் மதுரையில் எடுத்தது. (இப்போ ஆர்டர் பண்ணின பீட்சா அரை மணி லேட்டானா கோவம் வருது நமக்கு.) அம்மா போனப்புறம் மதுரை வீட்டைக் காலி பண்ணி அப்பாவை டோம்பிவிலிக்குக் கூட்டிக்கிட்டு வந்தேன். அவர் கேட்டது ரெண்டே ரெண்டு. அம்மாவோட படம், இந்த வண்டி. பெட்ரோலை வடிச்சு, சாக்கு சுத்தி, பார்சல் ஆபீஸில் புக் பண்ணி, நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஏத்தி கல்யாணில் இறக்கினோம். வந்ததிலிருந்து ஸ்டார்ட் ஆகலை. கிக்கரே இறங்கலை. பங்கார்வாலா வந்து எடைக்கு ஒரு விலை சொன்னான். அப்பாவும் "குடுத்துரு"ன்னுட்டார். ஆனா சொல்லிட்டு கேலரிக்குப் போய் வண்டியைப் பார்த்துக்கிட்டே நின்னார்.

குடுக்கலை. ஜெர்மன்காரர் செய்யறதை நாம செய்யக் கூடாதா என்ன?

பின்சக்கரம், கேபிள்கள், ஷாக் அப்சார்பர் போல்ட், அப்புறம் ஒரே ஒரு நீள போல்ட். அவ்வளவுதான், இன்ஜின் கையோட வந்துடும். தரையில் எண்ணெய்க் கறை ஆகும்னு செக்ரட்டரி சண்டைக்கு வந்ததால வாட்ச்மேனும் நானுமா அதை லிஃப்ட்டில் ஏத்தி கேலரிக்குக் கொண்டு போனோம். தங்கமணி ஒண்ணும் சொல்லலை. அதுதான் பயமா இருந்துச்சு.

சேத்தக்கில் ஃப்ளைவீல்தான் ஃபேன். அதிலேயே இறக்கைகள் இருக்கும். அது தள்ளுற காத்து வீணாகாம சிலிண்டர் மேலே போகணும்னுதான் ஒரு தகரக் கவசம். சில பேர் "காத்தோட்டமா இருக்கட்டுமே"ன்னு அதைக் கழட்டி வீசிடுவாங்க. அதைவிடப் பெரிய தப்பு கிடையாது. கவசம் போனா காத்து நாலா பக்கமும் சிதறி, சிலிண்டர் வெந்துபோகும். எங்க வண்டியில் கவசம் இருந்துச்சு, ஆனா சிலிண்டர் செதில்களுக்கு நடுவில் வருஷக்கணக்கா சேர்ந்த மண்ணும் எண்ணெயும் அடை மாதிரி ஒட்டிக்கிட்டிருந்தது. மண்ணெண்ணெயும் பழைய டூத் பிரஷ்ஷுமா ரெண்டு நாள் ஓடுச்சு. ப்ளக் ஓட்டை வழியா ஊத்தி வச்ச டீசல் ஊறின பிறகுதான் பிஸ்டன் அசைஞ்சது.

இங்கே கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

1992. நான் பிளஸ் டூ. கணக்கு டியூஷன்னு பொய் சொல்லிட்டு நண்பனைப் பின்னாடி வச்சுக்கிட்டு அழகர்கோயிலுக்குக் கிளம்பினேன். (லைசென்ஸா? அதெல்லாம் கேக்காதீங்க.) டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு பெட்ரோலோட ஆயில் கலக்கணும், லிட்டருக்கு 20 மில்லி. அப்பா ரெண்டுக்கும் சேர்த்துத்தான் காசு குடுத்திருந்தார். ஒருநாள் ஆயில் போடலைன்னா என்ன ஆயிடப்போகுதுன்னு அந்தக் காசில் விளக்குத்தூண் பக்கத்தில் ஆளுக்கொரு ஜிகர்தண்டா சாப்பிட்டோம்.

அப்பன் திருப்பதி தாண்டலை. பின்சக்கரம் அப்படியே இறுகி, வண்டி இழுத்துக்கிட்டுப் போச்சு. எப்படியோ கை தன்னால கிளட்சைப் பிடிச்சதால விழாம தப்பிச்சோம். ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஆயில் தனியா அடியில் இருக்கும். இதில் பெட்ரோலோட வர்ற ஆயில்தான் பிஸ்டனுக்கும் கிராங்க் பேரிங்குக்கும் வழுவழுப்பு. அது இல்லாட்டி அலுமினிய பிஸ்டன் சூட்டில் விரிஞ்சு இரும்பு சிலிண்டரைக் கவ்விக்கும். ஒரு புளியமரத்தடியில் அரை மணி உட்கார்ந்தோம். சூடு அடங்கினதும் உதைச்சா கிளம்பிடுச்சு. மெதுவா ஓட்டி வந்து, துடைச்சு, ஸ்டாண்டு போட்டு, சாவியை ஆணியில் மாட்டினேன். யார்கிட்டயும் சொல்லலை. தங்கமணிகிட்டகூட இல்லை.

சரி, கேலரிக்கு வருவோம். சேத்தக் சிலிண்டர் 57 மில்லிமீட்டர் குறுக்களவு, பிஸ்டன் ஓடற தூரமும் 57. கணக்குப் போட்டா 145.45 சிசி. பிஸ்டனைக் கழட்டி மண்டையில் இருந்த கரியைச் சுரண்டினப்போ குத்தியிருந்த எண் தெரிஞ்சுது. அது 57-ஐவிடக் கொஞ்சம் கூட. அப்படின்னா இது கம்பெனி பிஸ்டன் இல்லை, ஓவர்சைஸ். எப்பவோ யாரோ சிலிண்டரைக் குடைஞ்சு போர் பண்ணியிருக்காங்க.

அப்பா பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து பார்த்துக்கிட்டிருந்தார். நான் ஒண்ணும் கேக்கலை. பிஸ்டனைக் கையில் குடுத்தேன். கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.

"அழகர்கோயில் ரோட்டுல தானே?"

எனக்கு 17 வயசுக்குப் போன மாதிரி ஆயிடுச்சு. "ஆமாங்கப்பா"ன்னேன்.

"அப்ப நீ பிளஸ் டூ. பரீட்சை முடியட்டும், கேப்போம்னு இருந்தேன்." பிஸ்டனைத் திருப்பிக் குடுத்தார். "அப்புறம் நீ காலேஜுக்குப் போயிட்டே."

அந்த வருஷத்துக்கப்புறம் பெட்ரோல் போட அவர் என்னை அனுப்பினதே இல்லைங்கறது அப்போதான் உறைச்சுது. முன்பக்க டப்பாவில் ஒரு மருந்து பாட்டில், அளவுக்கோடு போட்டது, எப்பவும் இருக்கும். அதில் ஆயில் அளந்து எடுத்துக்கிட்டு தானே பங்குக்குப் போவார். சிக்கனம்னு நினைச்சிருந்தேன். பாட்டில் இன்னும் அங்கேயேதான் இருக்கு.

மிச்சத்தை வேகமா சொல்றேன். சிலிண்டரை எம்ஐடிசி பக்கம் ஒரு லேத்தில் குடுத்து அடுத்த சைஸுக்குப் போர் பண்ணினேன். பிஸ்டன், ரிங் குர்லாவில் கிடைச்சது. கிராங்க் ஆயில் சீல் ரெண்டையும் மாத்தினேன். அங்கே காத்து உள்ளே புகுந்தா கலவையில் பெட்ரோல் குறைஞ்சு மறுபடி சூடேறி இறுகும், அதில் கஞ்சத்தனம் கூடாது. பேரிங்கை ராத்திரி முழுக்க ஃப்ரீசரில் வைக்கணும், கேஸிங்கைச் சூடு பண்ணணும். குளிரில் ஒண்ணு சுருங்கும், சூட்டில் இன்னொண்ணு விரியும், சுத்தியலே வேண்டாம், டொக்குனு உட்கார்ந்துடும். காலையில் ஃப்ரீசரைத் திறந்த தங்கமணி, "ஏங்க, தேங்காய்த் துருவலுக்குப் பக்கத்துல இது என்ன?"ன்னு கேட்டதோட அந்த மௌனவிரதம் முடிஞ்சுது. மாமாவுக்காகன்னு சொன்னேன். கதவைச் சாத்திட்டுப் போயிட்டாங்க.

காத்தில் குளிர்ற இன்ஜின் வச்ச பீட்டில் கார் 2003-ல் மெக்சிகோவில் நின்னுபோச்சு. பிரேசிலில் வேனுக்கு 2005 கடைசி வரை போட்டாங்க. சேத்தக்கும் 2000-களின் நடுவில் நின்னுது. 2020-ல் அதே பேரில் வந்தது பேட்டரி வண்டி. ஜெர்மன்காரர் இதையெல்லாம் கேட்டுட்டு என் இன்ஜின் படம் கேட்டார். அனுப்பினேன். அவரோடது இன்னும் முடியலை.

போன ஞாயிற்றுக்கிழமை இன்ஜினை மாட்டினோம். ஒரு லிட்டர் பெட்ரோல் வாங்கி வச்சிருந்தேன். ஆயில் டப்பாவை நான் எடுக்கப் போனா, "நீ வை"ன்னுட்டு அப்பா கையை நீட்டினார். மருந்து பாட்டிலில் ஊத்தி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடிச்சு, கோட்டைப் பார்த்தார். கை நடுங்கினதால ரெண்டு தடவை பார்த்தார். புது பிஸ்டனாச்சேன்னு இன்னும் கொஞ்சம் ஊத்தினார்.

ஒன்பதாவது உதையில் கிளம்புச்சு. ஒரே புகை. மேலேயிருந்து செக்ரட்டரி மராட்டியில் ஏதோ கத்தினார். ஆர்.டி.ஓ. வேலை பாக்கி இருக்கு, மதுரையிலிருந்து என்.ஓ.சி. வரணும். அதுவரைக்கும் காம்பவுண்டுக்குள்ளேயே ரவுண்டு. அப்பா பின்னாடி உட்கார்ந்துக்கிறார். ரெண்டாவது கியருக்கு மேல போகக் கூடாதாம்.