எண்ணெய்த் தலையோடு ஒரு வாக்குவாதம்

உச்சி முதல் உள்ளங்கால் வரை எண்ணெய் வழியக் குப்புறக் கிடந்தபோதுதான் விசில் கேட்டது. குற்றாலம் பேரருவியில் தண்ணீர் பாதுகாப்பு ஆர்ச்சைத் தாண்டி விழுகிறது, குளிக்கத் தடை.

"நல்லா ஊறட்டும் சார். தண்ணி குறைஞ்சதும் குளிச்சாப் போச்சு" என்றார் தேய்த்துவிட்ட பெரியவர். எழுபது வயதிருக்கும். தோளில் சிவப்புத் துண்டு. ஊர் கேட்டார். கோயம்புத்தூர் என்றேன். "தோழர்மாரு ஊருல்லா!" என்று முதுகில் ஓங்கி ஒரு தட்டு.

எங்கள் ஊரில் செங்கொடி என்றால் மில் வாசல். 1946 ஜனவரி 8-ல் தூக்கிலிடப்பட்ட சின்னியம்பாளையம் தொழிலாளர் நால்வர். சாரலும் குரங்கும் பழக்கடையுமான ஊரில் ஒரு தோழரை நான் எதிர்பார்க்கவில்லை. இந்தப் பக்கத்துப் புரட்சி என்றால் எனக்குச் செங்கோட்டை வாஞ்சிநாதனோடு சரி: 1911 ஜூன் 17, மணியாச்சி, ரயில் பெட்டியில் கலெக்டர் ஆஷ்.

"பாரதி நம்ம கடையத்துல இருந்துதான் லெனினைப் பாடுனாரு, தெரியும்லா?"

சும்மா இருந்திருக்கலாம். பாரதியின் 'புதிய ருஷ்யா' பாட்டு ஜாரின் வீழ்ச்சியைப் பாடியது என்றேன். ஜார் முடி துறந்தது 1917 மார்ச்சில். அப்போது பாரதி புதுச்சேரியில், லெனின் சுவிட்சர்லாந்தில். போல்ஷ்விக்குகள் ஆட்சியைப் பிடித்தது நவம்பரில். பாரதி கடையம் வந்ததோ 1918 டிசம்பரில், கடலூர்ச் சிறையிலிருந்து விடுதலையான பிறகு.

கை நின்றது. 'சார்', 'தம்பி' ஆனது.

"படிச்சவுக சொல்லுதீய, சரி. ஒண்ணு கேக்கேன் தம்பி. வாஞ்சி சுட்டாரு, வெள்ளைக்காரன் போனானா? லெனினுக்க அண்ணனும் ஜாரைக் கொல்லத் திட்டம் போட்டுத்தான் தூக்குல தொங்குனான். தம்பிக்காரன் கட்சி கட்டுனான், ஜெயிச்சான். குண்டு பெருசா, கூட்டம் பெருசா?"

அண்ணன் அலெக்சாந்தர் தூக்கிலேறியது 1887-ல். அது இவருக்கு எப்படித் தெரியும் என்ற வியப்பை விழுங்கிக்கொண்டு, கூட்டம் மட்டும் போதவில்லை என்றேன். போரில் நொந்த சிப்பாய்க்குச் சமாதானம், குடியானவனுக்கு நிலம் என்று சொல்லி ஆட்சிக்கு வந்தவர்கள், தேர்தலில் பெரும்பான்மை கிடைக்காததால் அரசியல் நிர்ணய சபையைக் கூடிய மறுநாளே கலைத்தார்கள். பிறகு உள்நாட்டுப் போர்.

"அதுல எப்படி ஜெயிச்சாக? அதச் சொல்லும்."

மாஸ்கோவும் அங்கிருந்து நாலாபக்கமும் பிரியும் ரயில் பாதைகளும் போல்ஷ்விக்குகளின் சிவப்புப் படையிடம் இருந்தன. எதிரிகளான வெள்ளைப்படைத் தளபதிகளோ ஆளுக்கொரு மூலை: கொல்சாக் சைபீரியாவில், தெனிகின் தெற்கே. கை கோக்க முடியவில்லை. வெள்ளைப்படை வந்தால் பின்னாலேயே பண்ணையாரும் வருவார் என்று குடியானவன் பயந்தான்.

"பண்ணையாரு! அதான் விசயம்" என்று மறுபடியும் ஒரு தட்டு.

"சிவப்புப் படையும் அவன் தானியத்தைப் பிடுங்கியது. 1921-ல் க்ரோன்ஸ்டாட்டில் எதிர்த்து நின்ற மாலுமிகளையும் சுட்டது."

பதில் வரவில்லை. அதன் பிறகு அவர் கட்டைவிரல் என் தோள்பட்டையில் இறங்கிய வேகம் வைத்தியத்தில் சேராது.

குற்ற உணர்ச்சியில் ஐம்பது ரூபாய் கூடுதலாகக் கொடுத்தேன். எண்ணிப் பார்த்துத் திருப்பித் தந்தார். "பேச்சுல ஜெயிச்சதுக்கு வரி கட்டுதீயளோ?"

அருவி கடைசிவரை திறக்கவில்லை. லாட்ஜில் இரண்டு வாளி வெந்நீர், பாக்கெட் சீயக்காய்.

மறுநாள் தென்காசியில் நெல்லை ரயில் ஏறினேன். கீழக்கடையத்தில் நின்றது. ரஷ்யாவில் அந்தப் போர் உச்சத்தில் இருந்த 1919-ல் பாரதி இந்த ஊரில்தான் இருந்தார். செய்தித்தாள் இதே தண்டவாளத்தில்தான் வந்திருக்கும். ஜன்னலோரம் அப்படி நினைத்துக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. பாரதி லெனினைப் பற்றி எழுதியிருக்கிறார்! 'செல்வம்' என்ற கட்டுரை. செல்வம் எல்லோருக்கும் பொதுவாவதை அதில் வரவேற்கிறார். அது கொலையாலும் பலாத்காரத்தாலும் பரவுவது தனக்குச் சம்மதமில்லை என்கிறார். ஜார் விழுந்ததைக் கொண்டாடிய அதே மனிதர்.

பெரியவர் சொன்னதில் லெனின் சரி, பாட்டு தவறு. நான் தேதிகளை மட்டும் வைத்துக்கொண்டு ஜெயித்திருக்கிறேன். இருவருக்குமே வேண்டியிருந்த பக்கம் என் அலமாரியில் தூங்குகிறது.

காதுக்குப் பின்னால் இன்னும் எண்ணெய்ப் பிசுக்கு. அடுத்த சாரலுக்குப் போய் அவரிடம் சொல்ல வேண்டும், இந்த முறை குளித்து முடித்த பிறகு.