ரேஸ் கோர்ஸ்ல நீலத் தரை ரெடி... டீம்ல நம்ம ஆளு எப்போ?

தேனி ரோட்டுல மதுரைக்கு வர்றீங்களா? நாகமலை புதுக்கோட்டையில ஒரு நிமிஷம் இறங்குங்க. ஊருக்குப் பின்னாடி நீளமா படுத்திருக்கே, அதுதான் நாகமலை. மதுரையை அழிக்க வந்த பாம்பைப் பாண்டிய மன்னன் அம்பு விட்டுச் சாய்க்க, அதுவே மலையாச்சுன்னு திருவிளையாடல் கதை. பக்கத்துலயே வெள்ளைச்சாமி நாடார் காலேஜ், கொஞ்சம் தள்ளி காமராஜர் யுனிவர்சிட்டி. சாயங்காலம் ஆச்சுன்னா காலி இடமெல்லாம் கிரிக்கெட்தான். ஹாக்கி மட்டையோட ஒருத்தரைப் பார்க்கிறது ரொம்ப அபூர்வம்!

இப்போ பெரியார் பஸ் ஸ்டாண்டு போய், தல்லாகுளம் பக்கம் போற பஸ்ஸைப் பிடிங்க. ரேஸ் கோர்ஸ்ல புத்தம் புது ஹாக்கி ஸ்டேடியம், பளிச்னு நீல நிற செயற்கைப் புல்தரை. 2025 நவம்பர் 28-லேர்ந்து டிசம்பர் 10 வரைக்கும் ஆண்கள் ஜூனியர் உலகக் கோப்பை சென்னையிலயும் இங்கேயும்தான் நடந்துச்சு. மொத்தம் 24 நாடுகள். இந்தியா இதே தரையில ஓமனை 17-0, சுவிட்சர்லாந்தை 5-0னு போட்டுத் தாக்கி, கடைசியில வெண்கலத்தோட முடிச்சது.

ஜூனியர்னா 21 வயசுக்குள்ள. அதாவது, நம்ம செட் பசங்க! ஆனா, அந்த 18 பேர் பட்டியல்ல தமிழ்நாட்டுப் பையன் ஒருத்தர்கூட இல்லை. மேட்ச் நம்ம ஊர்ல, கைதட்டல் நம்மளோடது, ஜெர்ஸி மட்டும் மத்தவங்களுக்கு!

'நம்ம பசங்களுக்குத் திறமை இல்லையா?'ன்னு கேட்டீங்கன்னா, அடுத்து நெல்லை பஸ் ஏறுங்க. சுமார் 100 கிலோமீட்டர்ல கோவில்பட்டி. கடலை மிட்டாய், தீப்பெட்டியோட ஹாக்கிக்கும் பேர்போன ஊர். அரசு விளையாட்டு விடுதி இருக்கு, செயற்கைப் புல்தரை இருக்கு. அங்கே வளர்ந்த மாரீஸ்வரன் சக்திவேலும் கார்த்தி செல்வமும் 2022 ஆசியக் கோப்பையில இந்திய சீனியர் டீம்ல ஆடினாங்க. பாகிஸ்தானுக்கு எதிரா நம்ம கோலை அடிச்சதே கார்த்திதான்!

தேர்வு முறை இதுதான் பாஸ்... முதல்ல மாநில டீம், அப்புறம் தேசியப் போட்டி. அங்கே கண்ணுல பட்டா பெங்களூரு கேம்ப். அதுலயும் வடிகட்டினதுக்கு அப்புறம்தான் 18 பேர். கல்லுத் தரையில பழகின பையன், செயற்கைத் தரையில பந்து வர்ற வேகத்தைப் பார்த்தா திணறிடுவான். அதனால மட்டை பிடிக்கிற வயசுலயே தரையும் வேணும், கோச்சும் வேணும். அந்தக் கோப்பையில ஜூனியர் டீம் கோச்சா இருந்த ஸ்ரீஜேஷையே எடுத்துக்குங்க. தடகள ஆசையோட ஸ்போர்ட்ஸ் ஸ்கூல்ல சேர்ந்தவரை, கோல் கீப்பரா மாத்தினது அங்கிருந்த கோச்தான்.

இப்போ மதுரையிலயும் தரை ரெடி. கோப்பை முடிஞ்சதும் அது பூட்டிக் கிடந்தா வெறும் நீலக் கம்பளம். பள்ளிக்கூடப் பசங்க தினமும் ஓடினா, அதுவே இந்திய டீமுக்கு வாசல். 20 வயசுல நமக்கு அந்த பஸ் போயிடுச்சுன்னே வெச்சுக்குங்க. உங்க தெருவுல ஏழாம் கிளாஸ் படிக்கிற ஒரு வாண்டு இருப்பானே... ஞாயித்துக்கிழமை அவனை ரேஸ் கோர்ஸ் பஸ்ல ஏத்தி விடுங்க!