பால் படாத பொரிச்ச கோழி

பொரிச்ச கோழிக்கும் பாலுக்கும் என்னய்யா சம்பந்தம்னு கேட்கிறவங்களுக்காகத்தான் இந்தப் பதிவு. சம்பந்தம் நிறைய இருக்கு. அமெரிக்காவோட தென் மாநிலங்கள்ல கோழி பொரிக்கணும்னா முதல் வேலையே ராத்திரி முழுக்க அதை மோர்ல ஊறப் போடுறதுதான். நம்ம சிக்கன் 65, சென்னை புஹாரி ஓட்டல்ல 1965-ல வந்ததுன்னு சொல்லுவாங்க (அந்தப் பேருக்கு ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்லுறாங்க, அது தனிக் கதை). இப்போ பல கடைகள்ல அதுக்கும் தயிர் போட்டுத்தான் பிரட்டுறாங்க.

எங்க அக்கா மகனுக்கு ஆறு வயசு. பால் அலர்ஜி. பால் குடிச்சா வயித்தைக் கலக்கும்னு சிலர் சொல்லுவாங்களே, அது இல்ல இது. அது லாக்டோஸ்ங்கிற சர்க்கரை செரிக்காததால வர்றது. அவஸ்தைதான், ஆனா உயிருக்கு ஆபத்து கிடையாது. இவனுக்குப் பாலோட புரதமே ஆகாது. கேசின், வே ரெண்டுமே. உடம்பு அதை எதிரின்னு நினைச்சு சண்டைக்குப் போயிடும். ரெண்டு வருசம் முன்னாடி ஒரு கல்யாண வீட்டுல யாரோ பிரியமா ஒரு வாய் நெய்ப் பொங்கல் ஊட்டிவிட்டாங்க. பத்து நிமிசத்துல உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடிப்பு, அப்புறம் இளைப்பு. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் அக்கா கார்ல ஒரு வார்த்தை பேசல. தொடையில அட்ரீனலின் ஊசி போட்ட பிறகுதான் அழுதா.

"நெய்ல எங்கல பால் இருக்கு?"ன்னு எங்க அத்தை இன்னமும் கேட்பாங்க. நெய் பெரும்பாலும் கொழுப்புதான், ஒத்துக்கிறேன். ஆனா உருக்கி வடிகட்டினாலும் கொஞ்சம் புரதம் தங்கிடும். அந்தக் கொஞ்சமே இவனுக்குப் போதும். கொதிக்கிற எண்ணெயில போட்டா எல்லாம் செத்துப்போகும்கிறதும் சரி வராது. கேசின் சூட்டுக்கு லேசுல அசையாது.

இந்தப் பையனுக்குத்தான் டிவி விளம்பரத்துல வர்ற மொறுமொறு கோழி மேல ஆசை. லீவுக்கு அம்பாசமுத்திரத்துக்கு ஆச்சி வீட்டுக்கு வந்தவன், "மாமா, அது எனக்கு மட்டும் ஏன் கிடையாது?"ன்னு கேட்டான். அழுதிருந்தா சமாளிச்சிருக்கலாம். சும்மா சந்தேகம் கேட்கிற மாதிரி கேட்டான்.

சரி, செஞ்சிடுவோம்னு உட்கார்ந்து யோசிச்சேன். மோர் அங்க என்ன வேலை பார்க்குது? மூணு வேலை. அதுல இருக்கிற புளிப்பு கறியை மெதுவா இளக வைக்குது. கெட்டியா இருக்கிறதால மாவு ஒட்டுது. அதோட சர்க்கரையும் புரதமும் பொரியும்போது நல்லாச் சிவக்குது. மூணுக்கும் நம்ம ஊர்லயே ஆள் இருக்கு. புளிப்புக்கு எலுமிச்சை, கெட்டிக்குத் தேங்காய்ப் பால், நிறத்துக்கு ஒரு சிட்டிகை சீனி. சொதி வைக்கிற ஊர்ல பொறந்துட்டுத் தேங்காய்ப் பாலைத் தேடி எங்கயும் அலைய வேண்டியதில்ல. ஒரு விசயம் மட்டும் கவனிங்க: கடையில விக்கிற தேங்காய்ப் பால் பவுடர் சிலதுல சோடியம் கேசினேட்னு போட்டிருக்கும். அது பாலோட புரதமேதான்! தேங்காய்னு எழுதின பாக்கெட்டுக்குள்ள மாட்டுப் பால் உட்கார்ந்திருக்கு. அதனால தேங்காயைத் துருவி, அரைச்சு, பிழிஞ்சு முதல் பால் எடுங்க. கை வலிக்கும், வேற வழியில்ல.

நான் பிழிஞ்சிட்டிருக்கும்போது அம்மா பதறி ஓடி வந்தாங்க.

"ஏலே, பாலுன்னாலே பிள்ளைக்கு ஆகாதுன்னு தெரியும்லா, தேங்காப் பாலை ஊத்துதியே!"

"அம்மா, இது தேங்காய். மாடு இல்ல."

அரை மனசோட போனாங்க. போனவங்க அடுப்புல சீனிச்சட்டியை வச்சு (மத்த ஊர்க்காரங்களுக்கு வாணலி), கல்லிடைக்குறிச்சி அப்பளம் பொரிச்சு எடுத்தாங்க. அது வரைக்கும் சரி, அப்பளம் உளுந்து. அடுத்து டப்பாவைத் திறந்து மோர் மிளகாயைக் கையில அள்ளினாங்க. "அந்த எண்ணெயிலயே கோழியைப் போட்டுரலாம்ல, எதுக்கு வேஸ்ட்டு"ன்னாங்க. நல்லவேளை, மிளகாய் எண்ணெயில விழல. மோர்ல ஊறிக் காய்ஞ்ச மிளகாய் பொரிஞ்ச எண்ணெயில கோழியைப் போட்டா நான் பிழிஞ்ச தேங்காய்ப் பால் பூரா வீண்.

அம்மாவைக் குத்தம் சொல்ல முடியாது. நம்ம மொழியே அப்படித்தான். தேங்காய்ப் பால், அல்வாவுக்குக் கோதுமைப் பால், கள்ளிப் பால், ரப்பர் பால்... பால்னு பேர் வச்ச பலதுல பால் கிடையாது. மோர் மிளகாய், பன்னீர், நெய் ரோஸ்ட், மைசூர் பாக்னு பேர்ல பால் இல்லாததுல எல்லாம் பால் இருக்கு. எங்க வேலைல டிபெண்டன்சின்னு ஒண்ணு சொல்லுவோம். நம்ம எழுதின கோடு சுத்தமா இருக்கும், அது கூப்பிடுற லைப்ரரி, அந்த லைப்ரரி கூப்பிடுற இன்னொண்ணு, எங்கயோ ஆழத்துல பூச்சி உட்கார்ந்திருக்கும். சமையலும் அதேதான். கோழி சுத்தம், ரஸ்க் தூள், மசாலா பாக்கெட், எண்ணெய், ஜல்லிக்கரண்டி எல்லாத்தையும் பார்க்கணும். பாக்கெட்ல வர்றதுக்கு இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தோட 2020 விதிகள்படி பால் இருந்தா தனியாச் சொல்லியாகணும். அந்தப் பொடி எழுத்தைத் தேடிப் படிங்க. கடைப் பண்டம்னா வாயைத் திறந்து கேட்கணும். பரோட்டா மாவுல பால் ஊத்திப் பிசையுற கடைகள் உண்டு. குற்றாலம் சீசனுக்குப் போனா நாங்க எல்லாரும் பார்டர் ரஹ்மத் கடைன்னு பறப்போம், இவன் தூக்குச்சட்டியோட வருவான்.

இப்போ செய்முறை. எலும்போட தொடைக்கறி ஒரு கிலோ. ஒரு லிட்டர் தண்ணியில 50 கிராம் உப்பு கரைச்சு, கறியைப் போட்டு ரெண்டு மணி நேரம் பிரிட்ஜ்ல வைங்க. கறி சாறு விடாம இருக்க இதுதான் ரகசியம், மோரை விட இதுக்குத்தான் மவுசு. வடிச்சிட்டு, 200 மில்லி கெட்டித் தேங்காய்ப் பால், ஒரு எலுமிச்சம்பழச் சாறு, இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த்தூள், மிளகு, மஞ்சள், சீனி சேர்த்து இன்னும் நாலு மணி நேரம் பிரிட்ஜ்ல. பால் லேசாத் திரியும், பயப்படாதீங்க, அப்போதான் மோர் மாதிரியே இருக்கும். எலுமிச்சையைக் கூட்டாதீங்க, கறி மேல்பக்கம் மாவாப் போயிடும். உப்பும் மறுபடி வேண்டாம்.

ஒரு கப் மைதா, அரை கப் அரிசி மாவு, ரெண்டு ஸ்பூன் சோள மாவு, மிளகாய்த்தூள், கொஞ்சமா உப்பு. இதுல ஊறின தண்ணியை ரெண்டு ஸ்பூன் தெளிச்சுப் பிசறினா சின்னச் சின்னக் கட்டி விழும். விளம்பரத்துல பார்க்கிற அந்தச் செதில் இதுதான். கறியை இதுல அழுத்திப் புரட்டி, பத்து நிமிசம் அப்படியே விட்டுட்டு, புதுக் கடலெண்ணெயில (கடலை ஆகாதவங்க வேற எண்ணெய்) 170 டிகிரியில 12 முதல் 15 நிமிசம். சட்டியில நெருக்காதீங்க. எலும்போரம் சிவப்பு இல்லாம இருக்கணும், தெர்மாமீட்டர் இருந்தா உள்ள 74 டிகிரி. எங்க வீட்டுல அது இல்ல, முதல் துண்டைப் பிச்சுப் பார்த்தேன்.

நல்லா வந்துச்சு. சும்மா சொல்லல, பால் போட்டதை விட மொறுமொறுப்பு, கடைசியில லேசாத் தேங்காய் வாசம். பையன் சத்தம் கேட்கணும்னே கடிச்சான். அக்கா தட்டுல ஒரு துண்டு ஆறிப்போய்க் கிடந்துச்சு. அவ அவன் உதட்டையே பார்த்துட்டிருந்தா. அரை மணி நேரம் ஆச்சு. ஒண்ணும் ஆகல. அதுக்கப்புறம்தான் அந்த ஆறின துண்டை எடுத்தா.

வளர வளர நிறைய பிள்ளைங்களுக்கு இது சரியாகிடும்னு டாக்டர் சொல்லியிருக்கார். சரியாச்சான்னு பார்க்கிறதையும் அவர் முன்னாடிதான் செய்யணுமாம். வீட்டுல "ஒரு சொட்டு கொடுத்துப் பார்ப்போம்" கூடவே கூடாது. அத்தைக்கு இதை நாலு தடவை சொல்லியாச்சு.

பையன் இப்போ அடுத்ததா அல்வா கேட்கிறான். திருநெல்வேலி அல்வான்னா நெய்யில மிதக்கும், அதுக்கு வழியில்ல. ஆனா தூத்துக்குடி மாவட்டம் முதலூர்ல மஸ்கோத் அல்வான்னு ஒண்ணு இருக்கு, நெய்க்குப் பதிலாத் தேங்காய்ப் பால் ஊத்திக் கிண்டுறது. வர்ற ஞாயித்துக்கிழமை அங்க போறேன். கிண்டுற சட்டியில வேற என்னெல்லாம் கிண்டுவாங்கன்னு மொதல்ல கேட்கணும்.